கேப்டன் நீமோவுக்கு கார்க் ஜாக்கெட் மாட்டிவிட்ட கதை

ஜூல்ஸ் வெர்ன்னு சொன்னா நம்மள்ல பாதிப் பேருக்கு ஸ்கூல் லைப்ரரிதான் ஞாபகம் வரும். அட்டையில ஒரு பெரிய கணவாய், அது பிடியில மாட்டிக்கிட்ட ஒரு இரும்புக் கப்பல், உள்ள நூத்தம்பது பக்கம், கொட்டை எழுத்து, நடுநடுவுல கறுப்பு வெள்ளைப் படம். நானும் எட்டாவது படிக்கும்போது அவரோட "கடலுக்கு அடியில இருபதாயிரம் லீக்" நாவலை அப்படி ஒரு இங்கிலீஷ் சுருக்கத்துலதான் படிச்சேன், ஒரே மத்தியானத்துல முடிஞ்சுபோச்சு, நல்லா இருந்துச்சு, அத்தோட மறந்தும் போயிட்டேன். பல வருஷம் கழிச்சு டீக்கடையில நண்பன் ஒருத்தன் "அந்தக் கதையில வர்ற கேப்டன் நீமோ யாரு தெரியுமாடா, திப்பு சுல்தானோட சொந்தக்காரன்டா"ன்னான். வாட்ஸப்ல சுத்துற கதை போலன்னு சிரிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தேடுனா, அவன் சொன்னது நிஜம்தான், வெர்னே எழுதி வெச்சிருக்காரு.

நியாயமா இது சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். ஏன் தெரியாம போச்சுன்னு பார்க்கப் போனா, அது வெர்னைப் பத்தின கதையா இல்லாம அவரை இங்கிலீஷுக்குக் கொண்டு வந்தவங்களைப் பத்தின கதையா மாறிடுது. ஒரு பழைய பிரெஞ்சு நாவலை எதுக்குத் திரும்பத் திரும்ப மொழிபெயர்க்கிறாங்க, ஒரு தடவை பண்ணினா போதாதான்னு கேக்குறவங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

முதல்ல அடிப்படை விவரம். வெர்ன் 1828ல நான்த் ஊர்ல பிறந்தவர், 1905ல அமியான் ஊர்ல செத்தாரு. அந்த நாவல் 1869 மார்ச்லேருந்து 1870 ஜூன் வரைக்கும் அவரோட பதிப்பாளர் ஹெட்ஸெல் நடத்துன பத்திரிகையில தொடரா வந்துச்சு, புத்தகமா ரெண்டு பாகம், 1871ல படங்களோட பெரிய பதிப்பு. கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: 1866ல கடல்ல என்னமோ ஒரு பூதம் கப்பல்களை இடிக்குதுன்னு உலகமே பேசுது, அதைப் பிடிக்கப் போன பாரிஸ் புரொபசர் அரோனாக்ஸ், அவர் வேலையாள் கோன்செய், கனடாக்காரன் நெட் லேண்ட் மூணு பேரும் அந்தப் "பூதத்து" முதுகுலயே போய் விழுறாங்க, பார்த்தா அது இரும்பு, நாட்டிலஸ்னு ஒரு நீர்மூழ்கி, அதோட முதலாளி நீமோ. நீமோன்னா லத்தீன்ல "எவனுமில்ல"ன்னு அர்த்தம். நான் யாருன்னு கேக்காதன்னு பேருலயே சொல்லிடுறாரு.

தலைப்புலயே முதல் குழப்பம் ஆரம்பிச்சிடும். இருபதாயிரம் லீக்னா கடலுக்குள்ள அவ்வளவு ஆழம் போறாங்கன்னு நினைக்கிறவங்க ஏராளம், நானும் நினைச்சேன். அது ஆழம் இல்ல, தூரம். வெர்ன் கணக்குல ஒரு லீக் 4 கிலோமீட்டர், ஆக மொத்தம் 80,000 கிலோமீட்டர், பூமியை ரெண்டு சுத்து சுத்துற தூரம். கடலோட ஆழமே அதிகபட்சம் 11 கிலோமீட்டருக்குச் சுத்தி முத்திதான். பிரெஞ்சுத் தலைப்புல கடல் பன்மையில இருக்கும், "கடல்களுக்கு அடியில"ன்னு, அதாவது எல்லாக் கடலுக்கும் கீழ ஒரு உலகச் சுற்றுப்பயணம். இங்கிலீஷ்ல அதை ஒருமையாக்கி "கடலுக்கு அடியில"ன்னு போட்டவுடனே சுற்றுப்பயணம் காணாமப் போய் ஆழம்தான் மனசுல நிக்குது. ஒரே ஒரு எழுத்துதான் விட்டுப்போச்சு, ஆனா கூட ஒரு அர்த்தமும் போயிடுச்சு.

இங்கிலீஷ்ல முதல் மொழிபெயர்ப்பு 1872 கடைசியில லண்டன்ல வந்துச்சு. செஞ்சவர் லூயிஸ் பேஜ் மெர்சியர்னு ஒரு பாதிரியார், புத்தகத்துல மெர்சியர் லூயிஸ்னு பேரைத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. மூலத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு இவர் பதிப்புல இல்ல. வெட்டினதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும், வெட்டாம விட்டதுல அடிச்ச கூத்துதான் இன்னும் பெருசு.

கதை தொடங்கும்போது அரோனாக்ஸ் அமெரிக்காவுல நெப்ராஸ்காவோட பேட்லேண்ட்ஸ் பகுதியில ஆராய்ச்சி முடிச்சுட்டு வர்றாரு. பேட்லேண்ட்ஸ்ங்கறது மழையும் காத்தும் அரிச்சு அரிச்சுக் கரடுமுரடாக்கின ஒரு நிலப்பகுதியோட பேரு, ஃபாசில் தேடிப் போறவங்களுக்கு அது ஒரு புதையல், பேரே பிரெஞ்சுக்கார வேட்டைக்காரங்க "மோசமான நிலம்"னு கூப்பிட்டதுலேருந்து வந்ததுதான். மெர்சியர் என்ன பண்ணினாரு? "நெப்ராஸ்காவின் விரும்பத்தகாத பிரதேசம்"ங்கற மாதிரி எழுதிட்டாரு. புரொபசருக்கு நெப்ராஸ்கா பிடிக்கல போலன்னு படிக்கிறவன் நினைச்சுக்குவான்.

அடுத்தது இரும்பு. நாட்டிலஸை எப்படிக் கட்டினேன்னு நீமோ விளக்குற அத்தியாயம் இருக்கே, அது வெர்னோட பெருமை, கிலோ கணக்கு டன் கணக்கெல்லாம் தசமப் புள்ளியோட வரும்: நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர், மொத்த எடை 1356.48 டன், தண்ணியில விட்டா பத்துல ஒரு பங்கு மட்டும் வெளிய தெரியும், அதையும் மூழ்கடிக்கணும்னா தொட்டியில தண்ணி நிரப்பணும். இந்தக் கணக்குல ஸ்டீலோட அடர்த்தி தண்ணியைப் போல 7.8 மடங்குன்னு வெர்ன் சரியாத்தான் சொல்றாரு, "ஏழு, எட்டு பத்தில்"ங்கற மாதிரி பிரெஞ்சு வழக்குல எழுதியிருப்பாரு. மெர்சியர் அதை 0.7 லேருந்து 0.8னு ஆக்கிட்டாரு. அதாவது தண்ணியைவிட லேசான இரும்பு! அந்த இரும்புல செஞ்ச கப்பலை மூழ்கடிக்கிறதுக்கு நீமோ எதுக்கு அவ்வளவு மெனக்கெடணும்னு யோசிச்சா தலை சுத்தும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது கார்க் ஜாக்கெட்தான். நீமோவும் ஆளுங்களும் கடலுக்கு அடியில நடக்கப் போறப்போ முக்குளிக்கிறவங்க போடுற உடுப்பைப் போட்டுக்குவாங்க, ரப்பர் சட்டை, செம்புத் தலைக்கவசம், முதுகுல காத்துப் பெட்டி. அந்தக் காத்துப் பெட்டி வெர்ன் கற்பனையில்ல, ரூக்கெரோல், தெனெரூஸ்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க 1860கள்ல நிஜமாவே செஞ்ச கருவி, வெர்ன் அவங்க பேரைச் சொல்லியே எழுதுறாரு. இந்த உடுப்புக்கு பிரெஞ்சுல "ஸ்காஃபாந்த்ர்"னு பேரு. இந்த வார்த்தை 18ஆம் நூற்றாண்டுல முதல்ல வந்தப்போ அர்த்தம் வேற, தக்கை வெச்சுத் தைச்ச மிதவைச் சட்டை. நூறு வருஷத்துல அர்த்தம் தலைகீழா மாறிப் போச்சு, மிதக்க உதவுறதுலேருந்து மூழ்க உதவுறதுக்கு வந்துடுச்சு. மெர்சியர் எந்தக் காலத்து டிக்ஷனரியைப் புரட்டினாரோ தெரியல, நாவல்ல அந்த வார்த்தை வர்ற பல இடத்துல "கார்க் ஜாக்கெட்"னு போட்டுட்டாரு. ஆக நீமோ தக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு கடலடியில நடந்து போறாரு. முங்கவே முடியாதேய்யா!

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான், ஆனா பழி யார் மேல விழுந்துச்சுன்னு பாருங்க. இங்கிலீஷ்ல படிச்சவங்களுக்கு மெர்சியர்னு ஒருத்தர் நடுவுல இருக்குறதே தெரியாது, அட்டையில இருக்குறது வெர்ன் பேரு. அதனால வெர்னுக்கு சயின்ஸ் தெரியாது, சும்மா அடிச்சு விடுவாரு, சின்னப் பசங்களுக்குத்தான் சரிப்படும்னு ஒரு பேரு நிலைச்சுப் போச்சு. 1961ல கூட ஒரு அமெரிக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்திரிகையில ஒருத்தர் வெர்னோட அறிவியல் தப்புகளை வரிசையா எடுத்துப் போட்டுக் கிண்டலடிச்சாரு, அதுல பலதும் மெர்சியர் பண்ணின தப்பு. பிரான்ஸ்ல அதே சமயம் வெர்னைப் பெரிய எழுத்தாளரா வெச்சு ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருந்துச்சு.

வெட்டுப்பட்டதுல மீன் பட்டியல்களும் நிறைய. நாட்டிலஸோட கண்ணாடி ஜன்னல் வழியா பார்க்குற ஒவ்வொரு கடல்லயும் என்னென்ன மீன், என்னென்ன சிப்பின்னு வெர்ன் பக்கம் பக்கமா அடுக்குவாரு, ஒத்துக்குறேன், சில இடம் ரேஷன் கடை க்யூ மாதிரி நகராது. ஆனா அதுல ஒரு காமெடி ஒளிஞ்சிருக்கு. கோன்செய் இருக்கானே, அவனுக்கு உலகத்துல இருக்குற அத்தனை உயிரினத்தோட வகைப்பாடும் மனப்பாடம், வகுப்பு வரிசை குடும்பம் இனம்னு கடகடன்னு ஒப்பிப்பான், ஆனா கண்ணு முன்னாடி ஒரு மீன் வந்தா அது என்ன மீன்னு தெரியாது. நெட் லேண்டுக்கு வகைப்பாடு சுத்தமா தெரியாது, அவன் கணக்குல மீன் ரெண்டே வகை, திங்குற மீன், திங்காத மீன். ஆனா எது வந்தாலும் பேரைச் சொல்லிடுவான். ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு நல்ல இயற்கை விஞ்ஞானி தேறுவான்னு அரோனாக்ஸ் சொல்லுவாரு. காசிமேட்டுக்கு ஒரு தடவை போயிருந்தா போதும், ரெண்டு பேரையும் அங்கயே பார்த்திருப்பீங்க. பட்டியலை வெட்டினா இந்த ஜோக்குக்கு உயிர் இல்ல. இதுல இன்னொரு வேடிக்கை, கடைசியில கப்பலைத் தாக்குதே அந்தப் பெரிய ஜந்து, அந்த அத்தியாயத்துக்கு மெர்சியர் வெச்ச பேரு "பூல்ப்ஸ்", அதாவது பிரெஞ்சு வார்த்தையை அப்படியே இங்கிலீஷ் மாதிரி விட்டுட்டாரு. புதுசா மொழிபெயர்த்தவங்க அது கணவாயா (ஸ்க்விட்) பேய்க்கணவாயா (ஆக்டோபஸ்)ன்னு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க, வெர்னே அங்க ரெண்டையும் கொஞ்சம் கலந்து கட்டித்தான் எழுதியிருக்காரு, தூத்துக்குடிக்காரங்க கேட்டா சண்டைக்கு வருவாங்க.

இதெல்லாம் அவசரம், கவனக்குறைவுன்னு விட்டுடலாம். அடுத்து வர்றதை அப்படி விட முடியல.

நீமோவோட ரூம் சுவத்துல சில படங்கள் மாட்டியிருக்கும்னு வெர்ன் எழுதுறாரு. போலந்து விடுதலைக்குப் போராடின கோஷ்சியுஷ்கோ, கிரேக்க வீரர் போட்ஸாரிஸ், அயர்லாந்தோட ஓ'கானல், அமெரிக்காவோட வாஷிங்டன், லிங்கன், இத்தாலியோட மானின், அடிமை முறையை எதிர்த்துத் தூக்குல தொங்கின ஜான் பிரவுன். ஒரு ஆள் யாரை வீட்டுச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கான்னு பார்த்தா அவன் யாருன்னு தெரிஞ்சுபோகும் இல்லையா, நம்மூர்லயும் ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சவுடனே பெரியார் படமா காமராஜர் படமா முருகர் படமான்னு பார்த்துத்தானே பேச்சைத் தொடங்குறோம். நாவல்ல நீமோ யாருன்னு வெளிப்படையா சொல்லாத வெர்ன், இந்தச் சுவத்துல சொல்லிட்டாரு. மெர்சியர் பதிப்புல அந்தச் சுவரே இல்ல. பிரிட்டனை எதிர்த்த ஓ'கானல் இருந்ததால தூக்கினாரா, பொதுவாவே அரசியல் வேண்டாம்னு தூக்கினாரான்னு அவர் எழுதி வெச்சுட்டுப் போகல. விளைவு ஒண்ணுதான், நீமோ ஒரு கோபக்கார கிறுக்குக் கேப்டனா மட்டும் மிஞ்சினாரு.

அப்புறம் மன்னார். ரெண்டாவது பாகத்துல 1868 ஜனவரி கடைசியில நாட்டிலஸ் இலங்கைப் பக்கம் வருது. முத்துக்குளிக்கிற இடத்தைக் காட்டுறேன்னு நீமோ கூட்டிட்டுப் போறாரு. போறதுக்கு முன்னாடி முக்குளிக்கிறவங்களுக்கு என்ன கூலின்னு ஒரு பேச்சு வரும், முத்து இருக்குற சிப்பி ஒண்ணுக்கு ஒரு காசு, முத்தே இல்லாத சிப்பியை எத்தனை எடுத்தாலும் ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும் அரோனாக்ஸ் கொதிச்சுப் போவாரு, முதலாளிங்களைப் பணக்காரனாக்குற ஏழைங்களுக்கு ஒரு காசான்னு. அடியில போய்ப் பார்த்தா சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் தனியா வந்து குளிச்சுக்கிட்டு இருக்கான். கல்லைக் காலால இடுக்கிக்கிட்டு அஞ்சு மீட்டர் ஆழத்துக்கு இறங்குவான், பத்து சிப்பியை அள்ளுவான், ஏறுவான், திரும்ப இறங்குவான். அறுவடைக்கு முன்னாடியே கதிர் பொறுக்க வந்த ஒரு ஏழைன்னு வெர்ன் சொல்லுவாரு. அவன் மேல சுறா பாயும், நீமோ கத்தியோட குறுக்க விழுவாரு, நீமோவையே சுறா முடிக்கப் போற நேரத்துல நெட் லேண்டோட ஈட்டி பாயும். அந்த ஆளை மேல தூக்கிட்டுப் போய், மயக்கம் தெளிஞ்சதும் அவன் கையில ஒரு பை முத்தை வெச்சுட்டு நீமோ போயிடுவாரு. அவனுக்கு நாவல்ல பேரு கிடையாது, "இந்தியன்"ங்கறாரு வெர்ன், அவ்வளவுதான். மன்னார்ல காலங்காலமா முத்துக் குளிச்சவங்க யாருன்னு நமக்குத் தெரியும், அதனால அவன் கண்ணு முழிச்சதும் என்ன மொழியில பேசியிருப்பான்னு யோசிக்காம எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியல.

கப்பலுக்குத் திரும்பினதும் அரோனாக்ஸ் கேப்பாரு, மனுஷங்களையே வேண்டாம்னு ஓடி வந்த நீங்க ஒரு மனுஷனுக்காக உயிரைக் குடுக்கப் போனீங்களேன்னு. அதுக்கு நீமோ பிரெஞ்சுல சொல்ற பதில் இந்த அர்த்தத்துல இருக்கும்: அந்த இந்தியன் ஒடுக்கப்பட்டவங்களோட நாட்டைச் சேர்ந்தவன், நான் இன்னும் அந்த நாட்டுக்காரன்தான், கடைசி மூச்சு வரைக்கும் அந்த நாட்டுக்காரனாத்தான் இருப்பேன். மெர்சியர் இதை வெட்டல, ஆனா "ஒரு ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன்"னு மாத்திட்டாரு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். இல்ல. ஒடுக்கப்பட்ட நாடுன்னா வரைபடத்துல இருக்குற ஏதோ ஒரு நாடு. ஒடுக்கப்பட்டவங்களோட நாடுன்னா அதுக்கு எல்லைக்கோடு கிடையாது, அதுல போலந்துக்காரன் இருப்பான், அயர்லாந்துக்காரன் இருப்பான், மன்னார்ல முத்துக்குளிக்கிறவன் இருப்பான், அந்தச் சுவத்துப் படங்கள் மொத்தமும் அந்த நாட்டுக் குடிமக்கள்தான். சுவத்தையும் எடுத்துட்டு இந்த வரியையும் இப்படி வளைச்சா வெர்ன் கட்டின முடிச்சு அவிழ்ந்துபோகுது.

நீமோ யாருங்கற ரகசியம் உடையறது இந்த நாவல்ல இல்ல, 1874-75ல வந்த "மர்மத் தீவு"ல. சாகப் போற நேரத்துல நீமோ தன் கதையைச் சொல்றாரு: பேரு தக்கார், மத்திய இந்தியாவுல இருக்குற புந்தேல்கண்ட் ராஜா மகன், திப்பு சுல்தானுக்கு... இங்க தமிழ்ல எழுதுற எவனுக்கும் ஒரு முட்டுக்கட்டை வரும். பிரெஞ்சுல ஒரே வார்த்தைதான், அண்ணன் மகனா தங்கச்சி மகனான்னு அது சொல்லாது. நமக்கு மகன் முறையா மருமகன் முறையான்னு சொல்லாம நகர முடியாது. அப்பா புந்தேல்கண்ட் ராஜாங்கறதால திப்புவோட கூடப்பிறந்தவரா இருக்க வழியில்ல, அப்ப அம்மா வழியிலதான் உறவு, மருமகன்னு போடலாம், போட்டா திப்பு பொண்ணைக் கட்டினவனோன்னு நாலு பேரு கேப்பான். (மைசூர் சுல்தான் குடும்பத்துக்கும் புந்தேல்கண்டுக்கும் எப்படி சம்பந்தம் ஆச்சுன்னு வெர்னைக் கேக்கக் கூடாது, அவரு மேப்பைப் பார்த்து எழுதினவரு.) பத்து வயசுல ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய், 1849ல திரும்பி வந்து, கல்யாணம், ரெண்டு குழந்தை, 1857ல சிப்பாய்ப் புரட்சியில சண்டை, இருபது மோதல்ல பத்துக் காயம், அப்பா அம்மா பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரையும் பறிகொடுத்து, கடைசியில கடலுக்கு அடியில போயிடுறாரு.

இந்தப் பகுதி 1875ல இங்கிலீஷுக்குப் போனப்போ நடந்தது எழுத்துப்பிழை வகையறா இல்ல. அட்டையில கிங்ஸ்டன்னு ஒரு பிரபல சிறுவர் எழுத்தாளர் பேரு, வேலை செஞ்சது அவர் மனைவி ஆக்னஸ். பிரெஞ்சுல தக்கார் இங்கிலாந்தை வெறுக்கிறான், தோத்தவன் ஜெயிச்சவன் மேல வெச்சிருக்குற மொத்த வெறுப்பும் அவனுக்குள்ள திரண்டு கிடக்குன்னு வெர்ன் நேரடியாவே எழுதுறாரு. இங்கிலீஷ்ல அது காணோம். அதுக்குப் பதிலா வெர்ன் எழுதாத ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு: குழப்பத்துலயும் ஓயாத சண்டையிலயும் கிடந்த இந்தியாவுக்கு இங்கிலீஷ்காரங்கதான் அமைதியையும் செழிப்பையும் கொண்டு வந்தாங்க, அறியாமையும் மூடநம்பிக்கையும் பிடிச்ச மக்களை சூழ்ச்சிக்கார ராஜாங்க தூண்டிவிட்டுட்டாங்கன்னு. சொல்றது யாரு? 1857ல குடும்பத்தையே பறிகொடுத்த ஒருத்தனோட கதைக்குள்ள, வெர்ன் குரல்ல, வெள்ளைக்கார கலெக்டர் ரிப்போர்ட். இதைப் படிச்சு வளர்ந்த இந்தியப் பசங்க எத்தனை பேரு இருப்பாங்கன்னு நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

பிரெஞ்சுல மட்டும் வெர்னை நிம்மதியா எழுத விட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. முதல்ல வெர்ன் மனசுல இருந்த நீமோ இந்தியனே இல்ல, போலந்துக்காரன், 1863ல ரஷ்யாவை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில குடும்பத்தைப் பறிகொடுத்தவன். ஹெட்ஸெல் பயந்துட்டாரு. ரஷ்யாவுல புத்தகம் வித்துக்கிட்டு இருந்துச்சு, அரசாங்க உறவு வேற. வேணும்னா அடிமை வியாபாரத்தை எதிர்க்கிறவனா மாத்துங்கன்னு சொல்லிப் பார்த்தாரு, வெர்ன் ஒத்துக்கல, ரெண்டு பேரும் கடிதத்துலயே மல்லுக்கட்டி கடைசியில யாருன்னே சொல்லாம விட்டுடலாம்னு முடிவாச்சு. அந்தக் காலி இடத்துலதான் சில வருஷம் கழிச்சு புந்தேல்கண்ட் இளவரசன் வந்து உட்கார்ந்தான். ரஷ்யாவுல புத்தகம் விக்கணும்ங்கறதுக்காக போலந்துக்காரனை எடுத்தாங்க, அந்த இடத்துக்கு வந்த இந்தியனை லண்டன்ல வாயடைச்சுட்டாங்க. சாகும்போது நீமோவோட கடைசி வார்த்தை வெர்ன் கைப்பிரதியில "சுதந்திரம்!", அச்சுல "கடவுளும் தாய்நாடும்!". அதுவும் ஹெட்ஸெல் கைங்கரியம்.

சரி, இவ்வளவு மோசமான பதிப்பு எப்படி நூறு வருஷம் தாக்குப் பிடிச்சுது? காசுதான் காரணம். 1891 வரைக்கும் அமெரிக்காவுல வெளிநாட்டு எழுத்தாளருக்கு காப்புரிமையே கிடையாது, யார் வேணும்னாலும் எடுத்து அச்சடிக்கலாம். மெர்சியர் பதிப்பு சும்மா கிடைச்சுது, அதையே எல்லாரும் அடிச்சாங்க, அதையே சுருக்கி பசங்க புத்தகம் போட்டாங்க, அந்தச் சுருக்கத்தைத்தான் நான் எட்டாவதுல படிச்சிருக்கணும். இன்னைக்கும் அதே கதைதான், காப்புரிமை முடிஞ்சது மெர்சியர், அதனால ஈ-புக் கடையில பளபளன்னு புது அட்டை போட்டு மலிவா விக்கிறதைத் திறந்து பார்த்தா உள்ள அந்தப் பாதிரியார்தான் உட்கார்ந்திருப்பாரு.

மாற்றம் 1960கள்லதான் வருது. 1962ல ஆன்டனி பானர் ஒரு புது மொழிபெயர்ப்பு கொண்டு வந்தாரு. 1965ல வால்டர் ஜேம்ஸ் மில்லர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் பிரெஞ்சையும் மெர்சியரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து, என்னென்ன விட்டுப்போச்சு, என்னென்ன கெட்டுப்போச்சுன்னு அம்பலப்படுத்தி புதுப் பதிப்பு போட்டாரு, 1976ல விரிவான குறிப்புகளோட இன்னொண்ணு. 1993ல அவரும் ஃபிரெடெரிக் பால் வால்டரும் சேர்ந்து செஞ்ச முழுமையான பதிப்பை வெளியிட்டது எது தெரியுமா, அமெரிக்கக் கடற்படைக்காரங்களோட நேவல் இன்ஸ்டிடியூட் பிரஸ். அணுசக்தியில ஓடின முதல் நீர்மூழ்கிக்கு நாட்டிலஸ்னு பேரு வெச்ச நாடு, 1954ல கடல்ல இறக்கினாங்க, அந்தக் கடற்படை உலகத்துலேருந்தே வெர்னுக்குச் சரியான பதிப்பு வந்தது பொருத்தம்தான். 1998ல வில்லியம் புட்சர் ஆக்ஸ்ஃபோர்டுக்காக கைப்பிரதிகளையெல்லாம் அலசிக் குறிப்பு எழுதி ஒண்ணு, 2017ல டேவிட் கவர்ட் பெங்குவினுக்காக ஒண்ணு. மர்மத் தீவுக்கும் 2001ல ஒரே வருஷத்துல ரெண்டு புது மொழிபெயர்ப்பு, சிட்னி கிராவிட்ஸ் ஒண்ணு, ஜோர்டன் ஸ்டம்ப் ஒண்ணு.

"இன்றைய வாசகர்களுக்கான புதிய மொழிபெயர்ப்பு"ன்னு பின் அட்டையில போட்டிருந்தா நமக்கு உடனே தோணுறது மொழியை ஈசியாக்கிட்டாங்க, நீளத்தைக் குறைச்சுட்டாங்கன்னுதான். வெர்ன் விஷயத்துல நேர் எதிர். புதுசு எல்லாமே பழசைவிட குண்டு. வெட்டின மீனெல்லாம் திரும்ப நீந்துது, கணக்கெல்லாம் திரும்ப வந்துடுச்சு, சுவத்துல படம் மாட்டியாச்சு. மொழி நிச்சயமா இப்போதையது. முதல் வரியையே பாருங்க, 1866ல நடந்ததை வெர்ன் "விளக்கப்படாத, விளக்கவே முடியாத" ஒரு சம்பவம்னு ஒரே வேர்ச்சொல்லை ரெண்டு தடவை தட்டி எழுதியிருப்பாரு, அதுல ஒரு நக்கல் தொனி இருக்கும், பேப்பர்காரன் பில்டப் குடுக்குற மாதிரி. மெர்சியர் அதை மர்மமான, புதிரானன்னு ரெண்டு வழவழா வார்த்தையில முடிச்சுட்டாரு. ஃபிரெடெரிக் பால் வால்டர் அந்தத் தட்டலைத் திரும்பக் கொண்டு வந்திருக்காரு. வெர்ன் சிரிக்க வைக்கிற எழுத்தாளர்ங்கறதே எனக்கு வால்டரைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்குக் கேட்டா, கதையா படிக்க வால்டர், குறிப்போட நோண்டிப் படிக்க புட்சர்.

முழுசா திரும்பக் கொண்டு வந்தா நல்லது மட்டும் வராது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவுல இருக்குற டாரஸ் ஜலசந்தியில பாப்புவா மக்களைப் பத்தி அரோனாக்ஸ் பேசுற பேச்சு இன்னைக்குப் படிச்சா கசக்கும். அதே இடத்துல நீமோ திருப்பிக் கேப்பாரு, காட்டுமிராண்டிங்க எந்த ஊர்லதான் இல்ல, நீங்க அப்படிக் கூப்பிடுறவங்க மத்தவங்களைவிட மோசமான்னு. ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தான். 1880ல வெர்ன் இந்தியாவுல நடக்குற ஒரு நாவல் எழுதினாரு, நீராவியில ஓடுற யானை வரும் அதுல, அங்க 1857ஐ நடத்தினவங்கள்ல ஒருத்தரான நானா சாகிப் வில்லன். ஆக நம்மாளு, நம்மூருக்காகக் குரல் குடுத்தவருன்னு மாலை போட்டுத் தூக்கி வெச்சுக்க வேண்டாம். நீமோ வாயால அவர் சொன்னதை அவர் சொன்னபடி படிக்க விட்டா போதும்.

நம்ம மொழியில வெர்ன் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாவும், அதுலயும் சுருக்கமாவும்தான் கைக்குக் கிடைச்சாரு. பிரெஞ்சுலேருந்து நேராத் தமிழுக்கு வர்றது நடக்காத காரியமில்ல, காம்யுவோட "அந்நியன்" வெ. ஸ்ரீராம் மூலமா அப்படித்தான் வந்துச்சு. வெர்னுக்கு அப்படி ஒருத்தர் அமைஞ்சா மன்னார் அத்தியாயத்துக்கு அவருக்கு டிக்ஷனரியே தேவைப்படாது, பிரெஞ்சுக்காரன் சுத்திவளைச்சு விவரிக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் கரையோரத்துல ஒரு சொல் தயாரா இருக்கும்.

அது வர்ற வரைக்கும் இங்கிலீஷ்ல படிக்கிறவங்க எந்தப் பதிப்பு கையில இருக்குன்னு பார்த்துக்கோங்க. தலைப்புல கடல் பன்மையில இருந்தா பெரும்பாலும் தப்பிச்சீங்க. புராஜெக்ட் குட்டன்பர்க்ங்கற ஈ-புக் தளத்துல இலவசமாவே ரெண்டும் இருக்கு, 164ஆம் நம்பர் மெர்சியர், 2488ஆம் நம்பர் வால்டர், அதனால காசு இல்லன்னுகூட சாக்கு சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் பேரே போடாத ஈ-புக்கா இருந்தா தேடுற பெட்டியில "கார்க்"னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க. என் ஃபோன்ல ரெண்டு வருஷமா கிடந்த பதிப்புல அப்படி அடிச்சேன், வரிசையா வந்து கொட்டுச்சு, அத்தனையும் ஜாக்கெட். டெலீட் பண்ணிட்டு 2488ஐ இறக்கி, நேரா முத்துக்குளிக்கிற அத்தியாயத்துக்குப் போனேன்.